லம்போர்கினி முதலாளி கைகாட்டிய லம்போர்கினி

ஃபெருச்சியோ லம்போர்கினிக்கு அவர் தயாரித்த கார்களில் எது அதிகம் பிடிக்கும் என்று கேட்டால், கார்ப் பைத்தியம் பிடித்த எந்தப் பள்ளிக்கூடப் பையனும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவான். மியூரா. வேறு எது?

அவர் சொன்ன பதில் ஜராமா.

பெயரைக் கேட்டு விழிக்க வேண்டாம், பலருக்கும் தெரியாத கார்தான். 1970 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. 1976-இல் தயாரிப்பு நின்றபோது மொத்தக் கணக்கு 330-ஐக்கூடத் தொடவில்லை. ஸ்பானியர்கள் 'ஹராமா' என்று உச்சரிப்பார்கள். நாம் ஜராமா என்றே சொல்லிக்கொள்வோம், அந்தக் காருக்கு இருக்கிற விளம்பரத்துக்கு உச்சரிப்புத் தகராறு வேறு வேண்டாம்.

அவர் காரணமும் சொல்லியிருக்கிறார். அதன் சாரம், அவர் குரலிலேயே, இது. வேகமாகப் பறக்கவும் நாலு பேர் பார்க்கவும் ஆசைப்படுகிறவர்களுக்கு மியூரா. கொஞ்ச காலம் போனபின் அதன் ஆர்ப்பாட்டம் எனக்கே அதிகமாகப் பட்டது. எஸ்பாடா என்னுடைய ரோல்ஸ் ராய்ஸ். வேகமும் உண்டு, இடமும் சொகுசும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்பது ஜராமா. ஒரே ஒரு கார்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அதுதான்.

நான் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வாசகத்தை. 'எது அழகு', 'எது வேகம்' என்பவை தேநீர்க் கடைக் கேள்விகள், விடியும்வரை பேசலாம். 'ஒன்றே ஒன்றுதான் என்றால் எது' என்பது வீட்டுக் கேள்வி. மழை, பெட்டி, முதுகுவலி, மெக்கானிக்கின் பில், பின்சீட்டில் உட்காரப் போகிற ஆள் என்று எல்லாமே கணக்கில் வந்துவிடும். அந்தக் கேள்வியை வைத்தே மூன்று கார்களையும் பார்க்கலாம். நம்மில் யாரும் நாளைக்குப் போய் இவற்றை வாங்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். என் வாசலில் நிற்பது பத்து வயதான சின்னக் கார்.

முதலில் சொன்னவர் யார் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் தீர்ப்பில் பாதி தீர்ப்புச் சொன்னவரின் வாழ்க்கைதான். ஃபெருச்சியோ 1916-இல் வட இத்தாலியில் ஃபெராரா மாகாணத்து ரெனாட்சோவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ரோட்ஸ் தீவில் விமானப்படை மெக்கானிக். போர் முடிந்து ஊர் திரும்பியதும், ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளின் பாகங்களைக் கொண்டு டிராக்டர் கட்டி விற்று முதலாளி ஆனார். பிறகு எண்ணெய் பர்னர்கள், ஏசி இயந்திரங்கள். கார் கம்பெனி தொடங்கியது 1963-இல்தான், அப்போது வயது 47. தன் ஃபெராரியின் கிளட்ச் அடிக்கடி போகிறது என்று என்ஸோ ஃபெராரியிடமே போய்க் குறை சொன்னார், 'டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஃபெராரி ஓட்ட வராது' என்று பதில் கிடைத்தது, அந்தக் கோபத்தில் பிறந்தது லம்போர்கினி என்ற கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. ஃபெருச்சியோவே பலமுறை சொன்ன கதை. நல்ல வியாபாரி நல்ல கதையைக் கலப்படமில்லாமல் விற்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கார்களைக் கழற்றிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற கை அவருக்கு இருந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அவர் பிறந்தது ஏப்ரல் 28. மேல்நாட்டு ஜோதிடக் கணக்கில் ரிஷபம், எனவே காளைச் சின்னம். நம் பஞ்சாங்கத்தைக் கேட்டிருந்தால் சித்திரை மாதச் சூரியன் மேஷத்தில் அல்லவா நிற்கிறது? லம்போர்கினியின் மூக்கில் இன்று ஓர் ஆட்டுக்கடா இருந்திருக்கும். பிழைத்தது கம்பெனி.

இந்த ஒப்பீட்டில் இன்னொரு வசதி இருக்கிறது. மூன்று கார்களுக்கும் எஞ்சின் ஒன்றே: ஜியோட்டோ பிட்சாரினி வரைந்த பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், வளர்ந்து 3,929 சி.சி. ஆனது. மூன்றின் உடலையும் வரைந்த கையும் ஒன்றே: பெர்த்தோனே நிறுவனத்தில் இருந்த மார்ச்செல்லோ காந்தினி. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் வார்த்த மாதிரி. வித்தியாசம் எல்லாம் எஞ்சினை எங்கே வைத்தார்கள், மனிதர்களுக்கு எவ்வளவு இடம் விட்டார்கள் என்பதில்தான்.

மியூராவில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கிறது. இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். 1965-இல் சாலையில் ஓடும் காரில் பன்னிரண்டு சிலிண்டரைக் குறுக்காகப் படுக்கவைப்பது என்பது கம்பெனி முதலாளிக்கே கிறுக்குத்தனமாகப் பட்ட விஷயம். செய்தவர்கள் ஜான் பாவ்லோ தல்லாரா, பாவ்லோ ஸ்தன்சானி, நியூசிலாந்திலிருந்து வந்த சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ். மூவரும் முப்பதைத் தாண்டாதவர்கள், பந்தயக் கனவுக்காரர்கள். முதலாளிக்கோ பந்தயம் என்றாலே வேப்பங்காய். வேலை நேரம் முடிந்தபின் இரவில் உட்கார்ந்து வரைந்தார்கள். பிரிட்டனின் மினி கார் எஞ்சினைக் குறுக்கே வைத்து இடம் மிச்சப்படுத்தியதைப் பார்த்துப் பெற்ற யோசனை அது. குட்டிக் காரின் தந்திரம் உலகின் வேகமான காருக்குள் புகுந்தது இப்படித்தான்.

1965 நவம்பரில் துரின் கண்காட்சியில் வெறும் சட்டகத்தை மட்டும், எடை குறைக்கத் துளை துளையாகப் போட்ட இரும்புத் தகட்டுக் கூடாக, கொண்டுபோய் வைத்தார்கள். அதைப் பார்த்த நூச்சியோ பெர்த்தோனே, இந்தக் காலுக்குச் செருப்புத் தைக்கிற ஆள் நான்தான் என்றாராம். நாலு மாதத்தில், 1966 மார்ச்சில், ஜெனீவாவில் செருப்பு தயார். காந்தினிக்கு அப்போது 27 வயது. அந்தக் கண்காட்சிக் காரில் எஞ்சினே இல்லை, பொருந்துகிறதா என்று பார்க்க நேரம் கிடைக்காததால் எடைக்குக் கனம் ஏற்றி மூடியைப் பூட்டிவைத்திருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆர்டர்கள் குவிந்தது மட்டும் கதையல்ல.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஏன் என்று புரியும். தரையிலிருந்து கூரை வரை 1.05 மீட்டர், ஒரு சராசரி ஆளின் இடுப்பளவு. முகப்பு விளக்குகள் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும், அவற்றைச் சுற்றிக் கறுப்புக் கம்பிகள் மை தீட்டிய இமை மாதிரி. பின்கண்ணாடிக்குப் பதில் கறுப்புச் சட்டங்கள் அடுக்கியிருக்கும். இரண்டு கதவையும் திறந்துவிட்டு முன்னால் நின்றால் காளையின் கொம்புகள். உள்ளே சில சுவிட்சுகள் கூரையில் இருக்கும், விமானத்தில் இருப்பது மாதிரி. ஆரம்ப மாடலில் 350 குதிரைத்திறன், எஸ் மாடலில் 370, 1971-இல் வந்த எஸ்.வி-யில் 385. எடை ஒன்றேகால் டன்னை ஒட்டி. மணிக்கு 280 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. அந்தக் காலத்தில் அதைவிட வேகமான காரை ஷோரூமில் வாங்க முடியாது.

இனி ஒரே கார் கணக்கு. இருக்கை இரண்டு, மூன்றாவது ஆள் வந்தால் பேருந்துதான். முன்மூடியைத் திறந்தால் ரேடியேட்டர், ஸ்டெப்னி, பெட்ரோல் டேங்க். பெட்டி வைக்க எஞ்சினுக்குப் பின்னால் சின்னப் பள்ளம், அதில் வைத்த சட்டை இஸ்திரி போட்ட சூட்டோடு வெளியே வரும். எஞ்சினுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். ஐந்து நிமிடத்துக்கு அது சங்கீதம், ஐந்து மணி நேரத்துக்கு அது மாவு மில். டேங்க் முன்னால் இருப்பதால் பெட்ரோல் தீரத் தீர மூக்கு இலேசாகும், முழு வேகத்தில் முன்பக்கம் மேலே தூக்கப் பார்க்கும். ஸ்டீயரிங் கையில் இளகுவதை உணர்ந்தபடி 250-இல் போகிற அனுபவம் எல்லோருக்கும் வாய்க்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்பில், ஒரே எண்ணெயில் குளித்தன. கியர் பற்கள் உதிர்க்கும் இரும்புத் தூள் எஞ்சினுக்குள் சுற்றும். எஸ்.வி-யின் கடைசிக் கட்டத்தில்தான் எண்ணெயைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். மற்றது தீ. மேலிருந்து கீழாகப் பெட்ரோல் ஊட்டும் நான்கு வெபர் கார்புரேட்டர்கள் பந்தயத்துக்குப் பிறந்தவை. சிக்னலில் நின்று உறுமிக்கொண்டிருப்பது அவற்றுக்குப் பழக்கமில்லை. வழிந்த பெட்ரோல் சூடான இடத்தில் விழுந்து மியூராக்கள் எரிந்த கதைகள் பல. சிக்னலில் நிற்காமல் வாழ்க்கை நடத்த முடியுமானால் மியூரா நல்ல கார்.

ஃபெருச்சியோ இதை ஒரு விளம்பரக் காராகத்தான் முதலில் பார்த்தார், கொஞ்சம் விற்றால் போதும் என்று. 760-க்கு மேல் விற்றது. கம்பெனிக்குப் பெயரும் வந்தது. ஆனால் 1960-களின் இறுதியில் அவர் ஓட்டிக்கொண்டிருந்த கார் எது தெரியுமா? இஸ்லெரோ. 1968-இல் வந்த, முன்பக்க எஞ்சின் வைத்த, உடுப்பி ஓட்டல் மேலாளர் சட்டை மாதிரிச் சுத்தமான, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத கார். தம்பி எட்மொண்டோவும் அதையே வைத்திருந்தார். 1947-இல் மனோலெத்தே என்ற பெரும் மாடுபிடி வீரரைக் குத்திக் கொன்ற காளையின் பெயர் இஸ்லெரோ. பெயரில் இருந்த பயங்கரம் காரில் துளியும் இல்லை. மொத்தம் விற்றது 225. ஆக, ஜராமாவைப் பிடித்தது என்று அவர் சொன்னது திடீர் ஞானம் அல்ல. சத்தமில்லாத கார் மேல் அவருக்கு முன்பே சபலம் இருந்தது.

எஸ்பாடாவும் அதே 1968 ஜெனீவாவில் வந்ததுதான். மாடுபிடி வீரன் கடைசியில் காளையைக் குத்தும் வாள் என்று பொருள். நான்கு பேர், நான்கு முழு மனிதர்கள், உட்காரும் லம்போர்கினி. அளவைச் சொன்னால் நம் ஊர் ஆட்களுக்கு உடனே விளங்கும்: நீளத்தில் ஏறக்குறைய இன்னோவா கிரிஸ்டா, உயரத்தில் அதைவிட இரண்டு அடி குறைவு. அந்த உடலை மனத்தில் வரைந்து பாருங்கள். கப்பல் மாதிரி நீண்ட பானெட், அதில் இரண்டு காற்றுத் துவாரங்கள், பின்னால் படிந்து இறங்கும் கூரை, அது முடிகிற இடத்தில் செங்குத்தாக ஒரு கண்ணாடிப் பட்டை. அந்தப் பட்டை பின்னால் வரும் வண்டியின் பம்பரைப் பார்க்க உதவும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் யாராவது நின்று 'வரலாம், வரலாம்' என்று கத்தத் தேவையில்லை. 1967-இல் காந்தினி செய்த மார்ட்சல் என்ற கண்காட்சிக் காரின் வாரிசு இது. முழுக் கண்ணாடிக் கதவு வைத்த அந்த மார்ட்சலை மொனாக்கோ இளவரசர் ரெய்னியர், மனைவி கிரேஸ் பக்கத்தில் அமர, கிராண்ட் ப்ரீ பந்தயத் தடத்தில் ஓட்டிக் காட்டினார். கண்ணாடிக் கதவு வேண்டாம், உட்காரும் பெண்ணின் கால் முழுக்கத் தெரியும் என்று ஃபெருச்சியோ மறுத்ததாகச் சொல்வார்கள். ரெனாட்சோ விவசாயியின் மகன் பேசுவது அந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறது.

எஸ்பாடாவில் எஞ்சின் முன்னால் இருக்கிறது, மனிதர்களிடமிருந்து ஒரு சுவர் தள்ளி. தொடக்கத்தில் 325 குதிரைத்திறன், 1970-இல் வந்த இரண்டாம் வரிசையில் 350. மணிக்கு 245 கிலோமீட்டர் போகும், நாலு பேரையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும். மியூராவின் 280-க்கும் இதற்கும் காகிதத்தில் பெரிய வித்தியாசம். சாலையில் மிலானிலிருந்து ரோம் போக இரண்டையும் எடுத்தால், மியூராக்காரர் நடுவழியில் காதைத் தேய்த்துக்கொண்டு காபி குடிக்க நிற்கும்போது எஸ்பாடா தாண்டிப் போயிருக்கும். இந்தப் பந்தயத்தை யாரும் நடத்தவில்லை, என் ஊகம்தான். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒன்றரை டன்னைத் தாண்டுகிற எடை. பவர் ஸ்டீயரிங் இல்லாத ஆரம்பக் கார்களை நிறுத்துமிடத்தில் திருப்புவது கிணற்றில் இறைப்பதற்குச் சமம். ஆறு கார்புரேட்டர்களையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது வித்துவான் வேலை, சம்பளமும் வித்துவான் சம்பளம். பெட்ரோல் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் வந்தால் சந்தோஷப்படலாம். இருந்தும் பத்து வருடம், 1978 வரை, இது தயாரிப்பில் இருந்தது. 1,200-க்கு மேல் விற்றது. பெயர் வாங்கித் தந்தது மியூரா, சம்பளம் போட உதவியது எஸ்பாடா என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஜராமா. இஸ்லெரோவைத் திருத்தி அமெரிக்காவின் புதிய பாதுகாப்பு, புகை விதிகளுக்குள் கொண்டுவருவதைவிடப் புதிதாக ஒன்று செய்வதே மேல் என்று தோன்றியது. கையில் எஸ்பாடாவின் அடித்தட்டு இருந்தது. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே இருந்த 2.65 மீட்டரை 2.38 ஆக வெட்டினார்கள். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே இருந்த அகலத்தைத் தொடவில்லை. விளைவு, குட்டையாகவும் அகலமாகவும் சப்பணமிட்டு உட்கார்ந்த மல்லன் மாதிரி ஒரு கார். முகப்பு விளக்குகளைப் பாதி மூடிய இமைகள், சுவிட்சைப் போட்டால் விலகும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் கண்கள் அப்படித்தான் இருக்கும். அழகு என்று நான் சொல்லமாட்டேன். மியூராவை வரைந்த கையா இதையும் வரைந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நாலு வருடம்தான்.

ஓட்டியவர்கள் எழுதியதைப் படித்தால் வேறு படம் கிடைக்கிறது. சக்கரங்கள் நெருக்கமாகவும் தடம் அகலமாகவும் இருப்பதால் வளைவில் பதிந்து திரும்பும். 350 குதிரைத்திறன், 1972-இல் வந்த எஸ் மாடலில் 365. பவர் ஸ்டீயரிங்கும் வந்து சேர்ந்தது. எஞ்சின் முன்னால், அதனால் சூடும் சத்தமும் தள்ளியே. பெட்டிகளை டிக்கியில் வைக்கலாம், சட்டை சட்டையாகவே வெளியே வரும். மழையில் நனையாமல், முதுகு ஒடியாமல், சிக்னலில் பயப்படாமல் போய் வரலாம். வீதியில் நிறுத்தினால் கூட்டம் கூடாது. சோதனை ஓட்டுநர் வாலஸுக்கும் இதன் மேல் ஒரு கண் இருந்தது. ஒரு ஜராமாவை எடுத்து எடையைக் குறைத்து, எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி வைத்து, பந்தயக் கார் மாதிரி ஒன்று தனக்காகச் செய்து பார்த்தார்.

பெயரில்கூட ஒரு சங்கடம். ஸ்பெயினில் ஜராமா நதியோரம் சண்டைக் காளைகள் வளர்க்கும் பகுதி, பெயர் அதிலிருந்து வந்தது. ஆனால் அதே பெயரில் மாட்ரிட் அருகே கார்ப் பந்தயத் தடம் ஒன்றும் இருந்தது, 1968-இலேயே ஸ்பானிய கிராண்ட் ப்ரீ அங்கே நடந்துவிட்டது. பந்தயமே பிடிக்காதவருக்குப் பிடித்த கார், பந்தயத் தடத்தின் பெயரில்.

ஜராமாவின் பெரிய குறை பின்சீட்டில் இருக்கிறது. இருக்கை இருக்கிறது, மனிதனுக்கான இடம் இல்லை. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உட்காரலாம், இல்லாவிட்டால் ஒரு கோட், ஒரு பழக்கூடை. எஸ்பாடாவைவிடக் கால் மீட்டர் குட்டையாகியும் எடை பெரிதாகக் குறையவில்லை, இதுவும் ஒன்றரை டன் கார்தான். ஆக, எஸ்பாடாவின் உடம்பை வைத்துக்கொண்டு எஸ்பாடாவின் இடத்தை விட்டுவிட்டது. மியூராவின் வேகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மியூராவின் அழகை விட்டுவிட்டது. நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் நல்லது வந்து சேரும் என்று நினைப்போம். பல சமயம் இரண்டு பக்கத்துப் பாக்கியும் வந்து சேரும்.

அப்படியானால் ஃபெருச்சியோ ஏன் அதைச் சொன்னார்? தேதிகளை அடுக்கிப் பார்த்தால் விடை தெரிகிறது. ஜராமா வந்தபோது அவருக்கு வயது 53. ஒரே மகன் டோனினோ 1947-இல் பிறந்தவர், அப்போது 22 வயது ஆள். அப்பாவின் பின்சீட்டில் முட்டியை மடக்கி உட்கார வேண்டிய பருவம் தாண்டியாகிவிட்டது. டிராக்டர் தொழிற்சாலை செந்தோவில், கார் தொழிற்சாலை பக்கத்திலேயே சாந்த் ஆகத்தாவில். தானே ஓட்டிப் போகிறவர். அவருக்கு வேண்டியது முன்னால் இரண்டு சீட், பின்னால் கோட்டுப் போட ஓர் இடம், டிக்கியில் ஒரு பெட்டி, கால் வைத்தால் பறக்கிற எஞ்சின், இறங்கினால் யாரும் கண்டுகொள்ளாத முகம். இந்தப் பட்டியலை நீட்டி ஒரு கார் கேட்டால் ஜராமாவைத் தவிர வேறு எதைக் கொடுப்பது? எல்லா மாடல்களின் சாவியும் கையில் இருந்தவர் 'ஒரே கார்' பற்றிப் பேசினார் என்ற சலுகையையும் கழித்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் போக வேண்டிய நாளில் எஸ்பாடா ஒன்றைத் தொழிற்சாலை வாசலுக்கு வரச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் அந்த வாசல் இல்லை.

என் சித்தப்பா ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்கு ஏழு பேர் போக வேண்டும் என்பதற்காகப் பெரிய வண்டி வாங்கினார். மீதி நாள் முழுக்க அதில் தனியாக அலுவலகம் போய், நிறுத்த இடம் தேடியே காலை நேரத்தைத் தொலைத்தார். அவரைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைக் கொடுத்து, 'இனி வேறு காரே கிடையாது' என்று சொன்னால் எஸ்பாடாவின் சாவிக்குத்தான் கை நீட்டுவேன். பின்சீட்டில் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தால் ஒரு பையை வைத்துக்கொள்ளலாம். பை வைக்கும் இடத்தில் ஆளை உட்காரவைக்க முடியாது. அம்மாவை முன்சீட்டில் ஏற்றும்போது பிள்ளைகளை வீட்டில் விட்டுப் போகச் சொல்லாத கார், அதே பன்னிரண்டு சிலிண்டர் பாட்டு, அதே காந்தினியின் கோடு. ஜராமாவில் இல்லாத துணிச்சலும் அந்த உருவத்தில் இருக்கிறது. அறுபது வயதை நெருங்கும்போது, பிள்ளைகள் தம் தம் வண்டியில் போய்விட்டபின் என்னைக் கேட்டால் முதலாளி பக்கம் சாய்ந்தாலும் சாய்வேன்.

மியூரா? சந்தைக்குப் போய்ப் பாருங்கள். நல்ல மியூராவுக்கு டாலரில் மில்லியன் கணக்கில் கொடுக்கிறார்கள். ஜராமாவும் எஸ்பாடாவும் அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன, ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பூட்ட மூன்றுக்கும் ஏறக்குறைய அதே செலவு. மலிவாகக் கிடைத்ததே என்று ஜராமாவை வாங்கி, பழுது பார்க்கும்போது விலையைத் தாண்டிச் செலவழித்துவிட்டு விழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் விலையைப் பார்த்து அந்த இரண்டில் எதையும் வாங்கக் கூடாது. பூட்டிப் பராமரித்த கணக்குப் புத்தகத்தோடு வருகிற கார் கூடுதல் விலை சொன்னாலும் அதுவே மலிவு.

ஃபெருச்சியோ அதிக நாள் கார் முதலாளியாக இருக்கவில்லை. டிராக்டர் வியாபாரம் சரிந்தது, தொழிலாளர் போராட்டங்கள் அலுக்கவைத்தன. 1972-இல் கார் கம்பெனியில் 51 சதவீதத்தை ஒரு சுவிஸ் தொழிலதிபரிடம் விற்றார், 1974-இல் மீதியை இன்னொருவரிடம். நடு இத்தாலியின் உம்ப்ரியாவில், திராசிமேனோ ஏரிக் கரையில் நிலம் வாங்கித் திராட்சை போட்டார். 1993-இல் இறக்கும்வரை அங்கேதான். போலோஞா அருகே மகன் அமைத்த அருங்காட்சியகத்தில் அப்பாவின் சொந்தக் கார் என்று இன்றும் காட்டுவது ஒரு மியூரா எஸ்.வி.

ஏரிக்கரைத் தோட்டத்தில் விளைந்த திராட்சையில் சிவப்பு மது தயாரித்தார். புட்டியில் ஒட்ட ஒரு பெயர் வேண்டியிருந்தது. தனக்குப் பிடித்தது ஜராமா என்று சொன்ன மனிதர் வைத்த பெயர் சாங்குவே தி மியூரா. மியூராவின் இரத்தம்.